பங்காளி

அழைப்புக் கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது.
ஒரு முழக் காணிகூட இல்லாத லயத்தில் பிறந்தவளுக்கு
வரப்புச் சண்டை போடப் பேராதனையிலிருந்து
பங்காளி வருகிறாராம்.
சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டேன்.

ஹட்டனில், பேக்கரிக்கு மேலே ஒரு வாடகை அறை.
மாலுபாண் வாசனை படியேறி வரும்.
மேசையில் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு சுருக்கங்கள்:
கர்ப்பிணிகள், குருதிச்சோகை, இரும்பு மாத்திரை.
டிஸ்பென்சர் பாக்கியநாதன் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இதுல எத்தன பேரு மல ஏறிப் பாத்தாங்க?"
ஹிமாஷி பதில் சொல்லவில்லை.
கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டார்,
அரைகுறைத் தமிழில், எழுத்துக்கூட்டி.
அப்போதுதான் நான் பேனாவை எடுத்தேன்.

சேர்ப்பது, விலக்குவது. அவ்வளவுதான் வேலை.
கொழுந்து மடுவத்தில்
முற்றல், ஈரம், கூடை எடை என்று
அம்மாவின் கிலோக்களைக் கழித்த கை எனக்குத் தெரியும்.
இப்போது தராசு என்னிடம்.
கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"ஒத்துழையாமை, நாற்பத்தொரு வீதம்" என்றது ஒரு கட்டுரை.
நிறுத்துங்கள் என்றேன்.
வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு
விடியப் பெரட்டுக்கு நின்று
எட்டாம் நம்பர் மலையில் வாந்தி எடுத்தவள்
மறுநாள் போடமாட்டாள்.
அதற்குப் பெயர் ஒத்துழையாமை என்றால்
வராத காலைச் சாப்பாட்டுக்கு என்ன பெயர்?
அட்டவணையில் ஒரு நிரல் கூடியது:
எத்தனை மணிக்கு, எதைத் தின்ற பிறகு.
அத்தனை கட்டுரையிலும் ஒன்பதுதான் அதை நிரப்பின.

தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோதே ஒரு குட்டு.
தேத்தண்ணியோடு போடுங்க, ஒன்றும் செய்யாது என்று
பத்தொன்பது வருடம் சொல்லிவந்தவள் நான்.
பதினாறு ஆய்வுகள், வேறு வேறு நாடு,
ஒரே வாயாய் மறுத்தன.
தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.
தேயிலையும் இரத்தமும் என்று
மே தின மேடைகளில் எவ்வளவோ கேட்டாயிற்று.
இது உவமை இல்லை.
ஏழாம் பக்கம், அட்டவணை மூன்று.

மூன்றாம் நாள் ஒரு பழைய கட்டுரை.
தோட்டத்தின் பெயரை மறைத்திருந்தார்கள்.
எனக்குத் தெரியாதா? அது என் ரெஜிஸ்டர்.
"தொடர்பு அறுந்தவர்கள்: பதினொருவர்."
தரம் குறைவு, விலக்கிவிடலாம் என்றார் ஹிமாஷி.

அறுந்துபோகவில்லை என்றேன்.
இருவர் புருஷன் வீட்டுக்கு, தலவாக்கலைப் பக்கம்.
நால்வர், மண் சரிந்து பாதை மூடிய வாரம்
கிளினிக் வராதவர்கள்; அந்த வாரம்
நானும் வரவில்லை.
ஒருத்திக்குக் கலைந்துபோய், பிறகு குவைத்.
மூவரின் பெயர் எனக்கே மறந்துவிட்டது.
யோகமலர்,
டிக்கோயா ஆஸ்பத்திரி போகும் வழியில், கொழுந்து லொறியில்.

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளைப் போட்டு உடைத்தார்கள்.

"ஞாபகம் ஆதாரம் ஆகுமா?"
ஹிமாஷியின் குரலில் ஏளனம் இல்லை.
ஆகாது என்றார் பாக்கியநாதன், என் பக்கத்து ஆள்.
ஆகும் என்றேன் நான்.
அரை மணி நேரம். தேநீர் ஆறி ஆடை கட்டியது.
பங்காளிச் சண்டை என்றால் இதுதான் போல.
கடைசியில் கட்டுரை உள்ளே வந்தது,
தரம் குறைவு என்ற குறிப்போடு.
அடிக்குறிப்பில் என் ரெஜிஸ்டர்,
மறந்த மூன்று பெயர்களையும் மறைக்காமல்.

நன்றி கூறும் பக்கத்தில் என்னைப் போட வேண்டாம் என்றேன்.
எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக இருக்கிறேன்:
ம. புஸ்பகாந்தி, குடும்பநல மருத்துவமாது.

திங்கட்கிழமை கிளினிக்.
மாத்திரைய ராத்திரிக்குப் போடும்மா,
தேத்தண்ணி வேணாம், சாப்பிட்ட பிறகு என்றேன்.
ஆறு மாத வயிற்றோடு சுகந்தமேரி முறைத்தாள்.
"போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே மிஸ்?"
ஆமா, பிழையாச் சொல்லிட்டேன்.
அவள் மாத்திரை உறையை மடித்துக்கொண்டே
"சரி, ராத்திரிக்கு மட்டும்
என்ன சாப்பாடு இருக்கும்னு
அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?"