பதினொன்று வரை பெர்மிட்

பஹாவ் திடலில் கோபுரம்:
மாரியம்மன் திருவிழாப் பந்தலின் அதே இரும்பு,
சிவப்புத் துணி சுற்றியது.
வயர் இழுத்தவன் நான்.

கடன் வாங்கிய கிமோனோவில்
கையுறைத் தொழிற்சாலை யோகமலர் சுழல்கிறாள்;
ஒரு தட்டு பிந்துகிறது, சிரிக்கிறாள்.
உறுமிப் பையன்கள்
அந்தப் பெரிய மேளத்தைக்
கண்ணாலேயே அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இத்தனை விளக்கு எதற்கு என்றேன்.
செத்தவர்களுக்கு வழி தெரிய என்றார் ஒகாமுரா,
பாதி மலாயில்.

சயாமுக்கு ரயில் போடப்
பிடித்துக்கொண்டு போன என் பூட்டன்
திரும்பவில்லை.
பிடித்தது யார் என்று இவரிடம் சொல்லவில்லை;
இவருக்கு முப்பத்தைந்து வயதுதான்.

ஏணியேறி
ஒரு பல்பு அதிகம் மாட்டினேன்,
ஸ்டேஷன் பக்கம் பார்த்து.

மணி பதினொன்றே கால்.
சுவிட்ச் என் கையில்.