ஐந்து நிமிடத் துப்பல்

வேலை முடிந்து நேரே வந்தேன்.
காலை எட்டரை, பீல் நகரம்.
டொக்டர் ஏஷ்லிமன் கையில் தந்தது
கோடு போட்ட சின்னக் கோப்பை.
"ஐந்து நிமிடம். விழுங்கவேண்டாம்.
ஊறுவதை எல்லாம் இதற்குள் விடுங்கள்.
எதையும் நினைக்கவேண்டாம்."

துப்பாதே துப்பாதே என்று வளர்த்த வாய்.
மகனுக்கும் அதையே சொல்லி வளர்த்த வாய்.
இப்போது துப்பு என்கிறார்கள்,
துப்ப ஒன்றுமில்லை.

பதினோரு வருடம்
இரவு பத்துக்கு ஏறி ஆறுக்கு இறங்குகிறேன்.
போறணை வாய் திறக்கும்போதெல்லாம்
பாண் வாசம் முகத்தில் அறையும்.
புதிதில் வாயூறும். செம்ஹார் சிரிப்பாள்:
"விழுங்கி விழுங்கியே உனக்கு வயிறு நிறைஞ்சிடும்."

எப்போது நின்றது?
பழைய நகரத்து நீரூற்றைப் பனிக்காலத்தில் நிறுத்தினால்
நகரசபை அறிவித்தல் ஒட்டும்.
இதற்கு ஒருவரும் ஒட்டவில்லை.
ஒருநாள் பிஸ்கட் ஒன்றை மென்றேன்,
மாவாகவே நின்றது.
பிறகு கடைவாய்ப் பல் இரண்டு போனது.
பிறகு போனில் அக்காவிடம் மழை என்றபோது
நாக்கு அண்ணத்தில் ஒட்டி
சொல் பாதியில் முறிந்தது.
"அழுகிறியே?" என்றாள்.
"இல்லை, வாய் காஞ்சுபோச்சு."

காதடியில், தாடைக்குள், நாக்கின் கீழே
சோடி சோடியாய்ச் சுரப்பிகளாம்.
அவற்றுக்கும் மணிக்கூடு உண்டாம்,
இரவில் மெல்ல ஓடி
பகலில் ஈடுகட்டுமாம்.
"உங்களுடையது, நேரம் தெரியாமல் நிற்கிறதோ என்று பார்க்கிறேன்"
என்றார் டொக்டர்.
மணிக்கூடு செய்கிற ஊரில் இருந்துகொண்டு!
சிரித்தேன். உதடு வெடித்தது.

பகலில் எனக்குக் கிடைப்பது
மூன்று மணி நேர நித்திரை,
அதுவும் கிழிசல்.
கீழ்வீட்டில் துளைபோடுகிறார்கள்,
தபால்காரன் மணி அடிக்கிறான்,
மகன் சப்பாத்தைக் கழற்றி எறிகிறான்.

இரண்டாம் நிமிடம்.
கோப்பையில் ஒரு பொட்டு நுரை.
களவாக நினைத்தேன்:
தேசிக்காய்.
உப்பும் தூளும் பிரட்டிய மாங்காய்.
இவன் வயிற்றில் இருந்தபோது
போத்தலோடு நின்று தின்ற வினிகர் வெள்ளரி.
நாக்கு எல்லாப் பெயரையும் கேட்டுக்கொண்டு
சும்மா கிடந்தது.

மூன்றாம் நிமிடம்.
கதிரை மெத்தென்றிருந்தது.
யன்னலுக்கு வெளியே மலைக்கு ஏறும் கயிற்று ரயில்
சத்தமே இல்லாமல்
ஏறிக்கொண்டு,
அதோடு நானும்

"ஃப்ராவ் அருமைநாயகம்?"

தாடையில் ஈரம்.
கோப்பையில் இல்லை,
கழுத்துச் சால்வையில்
நீளமாய் ஒரு வழிசல்.
இருபது நிமிடமாம். எழுப்ப மனம் வரவில்லையாம்.

"இது கணக்கில் வராது" என்றார்.
நித்திரையில் விழுங்க மறந்தால்
உள்ளது கொஞ்சமும் வெளியே வருமாம்,
ஊறியதென்று எடுக்கக்கூடாதாம்.
வியாழன் திரும்ப வரவேண்டும்,
முடிந்தால் தூங்கிவிட்டு.

முடிந்தால்.

சால்வையை மடித்தேன்,
ஈரப் பக்கம் உள்ளே.
பஸ் தரிப்பில் நின்று பிரித்துப் பார்த்தேன்.
காய்ந்துவிட்டிருந்தது.