பதினான்காம் தூண்

பஹ்ரைன், சித்ரா பாலத்தடியில்
ஆறு மைக்குகள்.
காதுக்கு எட்டாத முனகலை
நாற்பது மடங்கு விரட்டினால்
மாடு மூச்சுவிடுவது போலிருக்கும்.

ஷமால் அடித்த மூன்றாம் இரவு
பதினான்காம் தூண்
அரைச் சுரம் இறங்கியது.
ட்ரெய்லர் கனம் என்றார் குருவிளா சார்.
மூணு மணிக்கு ட்ரெய்லர் ஏது?

காலடி மணல் கரைந்தால்
கான்கிரீட்டும் குரலைத் தாழ்த்தும்.
ரிப்போர்ட்டில் அப்படி எழுத முடியாது.
இரண்டு புள்ளி ஒன்று ஹெர்ட்ஸ்,
இப்போது இரண்டு
என்றுதான் எழுதினேன்.

விடிந்ததும் முங்கிப்போன
கீழக்கரை ஜியாவுதீன்
மேலேறி, முகக்கண்ணாடி கழற்றாமலே
தலைக்குமேல் கையை உயர்த்தி நின்றான்.
பள்ளம் அவ்வளவு.

ஏழு மணிக்குப் பாலத்தை மூடினார்கள்.
இரு கரையிலும் ஹார்ன்கள்.
அவற்றை
வேகம் கூட்டாமலே கேட்க முடிந்தது.