மஞ்சள் முனை

எட்டு மாதமாய் அந்தச் சிவப்பு விளக்கு.
"பல்பைப் பிடுங்கிவிடு, லமாரா,
பழைய ஓப்பலுக்கு இது போதும்"
என்றான் ருஸ்தாவி சந்தைக்காரன்.

பிடுங்கவில்லை.
பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுக்
காத்திருந்தேன். பதினைந்து நிமிடம்.
உருக்காலைப் புகை. ஒரு சிகரெட்.
யாரோ எங்கோ ஒரு கதவை அறைய
நான் துள்ளினேன்.

ஸ்டீயரிங்குக்குள்
இருபத்தாறு வருடமாய் அடக்கிய மூச்சு;
மீட்டர் வைத்து அதைச் சீண்டக் கூடாது.

சீட்டுக்கடியில் டார்ச்:
சூரியகாந்தித் தோல்,
கறுத்த டெட்ரி நாணயம்,
பாதி கழன்ற மஞ்சள் முனை.
நெட்டைக்கால் நுக்ஸார்
சீட்டைப் பின்தள்ளியபோது
இழுபட்டிருக்கும்.

டிக்.

பேட்டரியை மாட்டி,
வெளியே நின்று
ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.
எரிந்தது. ஆறு எண்ணுவதற்குள்
அணைந்தது.

அப்புறம்தான் முழங்கால் நடுங்கியது:
எட்டு மாதம்
திபிலிசிக்கு நூற்றிப்பத்தில் போய்வந்திருக்கிறேன்,
எனக்கு எதிரே
யாருமே விழித்திருக்காமல்.