மூன்றாம் மாடிச் சமையலறை

பஜுண்டவுங்கில் ஏஜென்சிக்காரர்கள் கட்டிவைத்த சமையலறையில்
எல்லாம் இருக்கிறது, பசி மட்டும் இல்லை.
அடுப்புக்குக் குழாய் கிடையாது.
இஸ்திரிப் பெட்டிக்கு வயர் கிடையாது.
தொட்டிலில் ஒரு ரப்பர் பிள்ளை,
அதற்கு ஒரு கண்தான் மூடும்.
ஒன்பது பேர் நாங்கள்
தினம் நான்கு முறை அதைக் குளிப்பாட்டுகிறோம்,
தண்ணீர் இல்லாமல்.

"சப்போர்ட் த ஹெட்" என்பாள் மா நிலர்.
இரண்டு பெற்றவள் நான்.
தலையைத் தாங்கத் தெரியும்,
சொல்லத்தான் தெரியாது.

முதல் வாரம் முழுக்க வாஷ்.
வாஷ் த ரைஸ். வாஷ் த ஷர்ட். வாஷ் த ப்ளேட்.
அரிசி களைய, துணி துவைக்க,
பாத்திரம் துலக்க, கால் அலம்ப என்று
ஆளுக்கொரு சொல் வைத்துப் பிழைத்தவர்கள் நாங்கள்.
பர்மாப் பேச்சில்கூட சே, ஷோ என்று இரண்டு உண்டு.
சிக்கனமான சனம்போல, என்று நினைத்துக்கொண்டேன்.
இரண்டாம் வாரம் தரைக்கு வந்தோம்.
ஸ்வீப், மாப், வைப், டஸ்ட், ஸ்க்ரப், பாலிஷ், வேக்யூம்.
அவர்கள் சொல்லைச் சேர்த்துவைத்திருக்கும் இடம்
அப்போதுதான் தெரிந்தது.

"புட் அவே" என்றால் எடுத்து வை.
கார்டில் அலமாரியும் தட்டும் வரைந்திருக்கும்.
அவே என்றால் தூரம் என்கிறது செல்போன்.
அடுக்கி வைப்பதும் தூரத்தில் வைப்பதும்
ஒன்றுதானா டீச்சர், என்றேன்.
மா நிலர் சிரித்தாள்:
"சிங்கப்பூரில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை."

சிரியம் பஸ் பாலத்தில் ஊரும்போது மனப்பாடம்.
"வேர் டு ஐ கீப் திஸ், மேம்?"
சின் மலைக்காரி ஸிங் உதட்டை மட்டும் அசைப்பாள்,
ஜெபம் என்று நினைத்து ஒருவர் அவளுக்கு இடம் கொடுத்தார்.
எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

ராத்திரியில் மாயழகு
துண்டை முக்காடிட்டு மேம் ஆவான்.
துறைமுகத்தில் சைக்கா ஓட்டி அவன் கற்றது
ஒரே ஒரு வாக்கியம்.
"வை லேட்?"
சாரி, மேம்.
"வை லேட்?"
சாரி, மேம்.
சின்னவள் டம்ளரைப் போட்டுடைத்தாள்.
சில்லுகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.
"சாரி மேம், ஐ ப்ரோக் த கப்."
அது பதினோராம் பாடம்.
நான் இன்னும் எட்டில் நிற்கிறேன்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பிறகு அவன் சைக்காவை உள்ளே தள்ளிவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோனான்.
அது சாயங்காலமே உள்ளேதான் நின்றது.

வெள்ளிக்கிழமை வீடியோவில் ஒரு மேம் வந்தாள்.
நெற்றியில் பொட்டு.
"யுவர் நேம்?"
ஏ மூ, மேம்.
அட்டையில் இருப்பது அதுதான்.
அஞ்சலைக்குப் பாஸ்போர்ட் இல்லை.
"கேன் யூ குக் இண்டியன் ஃபுட்?"
ஐ கேன் லேர்ன், மேம்.
பதினாறாம் பாடம், மூன்றாவது பதில்.

படத்துக்கு வெளியே டக்டக்கென்று வெங்காயம் நறுங்கியது.
அங்கிருந்து ஓர் ஆண்குரல்:
"எலும்பா இருக்காளே. அம்மாவைத் தூக்கி உக்கார வைப்பாளா?"
மேம் அந்தப் பக்கம் திரும்பி,
"பர்மாக்காரி, ரசம்கூடத் தெரிஞ்சிருக்காது.
ஆனா மூஞ்சியப் பாரேன், நம்ம ஆளு மாதிரியே இருக்கு."

காலையில் மிளகு தட்டிய விரல்கள்
மடியில் கிடந்தன.
காமிராவுக்குப் பின்னால் மா நிலர்
கையைச் சுழற்றினாள்: இங்கிலீஷ், இங்கிலீஷ்.

சொல்லிவிட்டால்
என் எதிரே அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.
சொல்லாவிட்டால் இரண்டு வருஷம்
எல்லாம் காதில் விழும்.
எது தேவலை என்று எந்தக் கார்டிலும் போட்டிருக்கவில்லை.
பஸ் காசு செருகியிருந்த இடுப்பில்
தமெயினை இன்னொரு சுற்று இறுக்கினேன்,
தமிழும் அதற்குள் கிடக்கட்டும் என்று.

"ஐ ஆம் ஸ்ட்ராங், மேம்" என்றேன்.

யாரும் என்னை அதைக் கேட்டிருக்கவில்லை,
இங்கிலீஷில்.

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.