இரண்டரை மணி நேரம் முன்னால்

என் மாமியார் எதிர்காலத்தில் வசிக்கிறார்.
சரியாகச் சொன்னால்
இரண்டரை மணி நேரம் முன்னால்,
கிள்ளானில்,
துறைமுகம் போகும் சாலையில்
பச்சைக் கேட் போட்ட வீட்டில்.

'ஏழாம் கலம்' அங்கேயும் ஒன்பது மணிக்கு,
இங்கேயும் ஒன்பது மணிக்கு.
வில்லிவாக்கத்தில் நான்
பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கும் நேரத்தில்
விண்கலத்தில் யாரோ செத்துக்கொண்டிருப்பார்கள்.
அத்தைக்குத் தெரியும்.
எனக்குப் பால் பொங்கும்.

கல்யாணத்துக்கு அவர்கள் வந்தார்கள்.
நாங்கள் போவதற்கு ஆறு வருடம் ஆனது:
முதலில் லீவு இல்லை, பிறகு காசு இல்லை,
பிறகு குணாளனின் பாஸ்போர்ட்
பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

"பசியாறியாச்சா?" என்றார் வாசலிலேயே.
எந்த வேளையைக் கேட்கிறார் என்று புரியாமல்
விமானத்தில் கொடுத்த பன் உட்பட
எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.
நான் வேகமாகப் பேசுகிறேன் என்று அவரும்
அவர் ஏன் ஒவ்வொரு சொல்லையும் இழுக்கிறார் என்று நானும்
குணாளனிடம் தனித்தனியாகக் கேட்டோம்.
அவன் இருவரிடமும் சிரித்தான்.
நான்கு நாள் அந்தச் சமையலறையில்
இரண்டு கிரகத்துத் தூதர்கள்
மிக மரியாதையாக இடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை.
கூடத்தில் நீல வெளிச்சம்.
சோபாவில் கால் மடக்கி, மைலோ டம்ளரோடு அத்தை.
திரையில் ஒரு கலம்.
நாற்பது வருடமாக வழி தவறி
அலைந்துகொண்டிருந்தது.
அதிலேயே பிறந்தவர்கள்
பூமி என்பதைக் கதை என்றே நினைத்தார்கள்.
அடியில் மலாய் எழுத்து ஓடியது.

அத்தை திரும்பவில்லை.
ஓர் ஆள் உட்காரும் அளவு நகர்ந்துகொண்டார்.
"கேப்டன் நல்லவன் இல்ல, பாத்துக்கோ."
மருமகளுக்கு அவர் சொன்ன முதல் புத்திமதி அது.

திரும்பி வந்து மூன்று மாதம்.
கேஸ் புக் பண்ணியது யார், பண்ணாதது யார்,
ஈரத் துண்டு ஏன் கட்டில் மேல்,
மோட்டாரை நிறுத்துவது யார் முறை.
இதற்கு நடுவில் தினமும் ஒன்பது மணிக்கு
நான் கலத்தில் ஏறுவேன்.
குணாளன் ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போவான்.
லேசர் சத்தம் அவனுக்குத் தாலாட்டு.

நேற்று கடைசிப் பகுதி.
நீலமாய் ஒரு புள்ளி
கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வர
கேப்டன் கதவுப் பிடியில் கை வைக்க
வில்லிவாக்கம் முழுக்கக் கரண்ட் போனது.

போனை எடுத்தேன். அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
"கரண்டு போச்சா?"
"ஆமா அத்தை. கதவைத் திறந்தானா?"
"சொன்னா ருசி போயிடும் லா."
"அத்தை!"
"நாளைக்குப் பாரு."

இருட்டில், பக்கத்தில்,
பத்தொன்பது வயதில் படிக்க வந்து
இங்கேயே தங்கிவிட்டவன்
கண்ணைத் திறக்காமல் கேட்டான்:
"வீடு போய்ச் சேந்தாங்களா?"

தூக்கத்தில் உளறுகிறானா, தெரியவில்லை.
இத்தனை நாளும்
கேட்டுக்கொண்டேதான் தூங்கினானோ.

"உங்கம்மா சொல்ல மாட்டேங்கறாங்க" என்றேன்.
போனின் அந்தப் பக்கம்
அத்தையின் மின்விசிறி மட்டும் சுற்றியது
கொஞ்ச நேரம்.

பிறகு கரண்ட் வந்தது.
திரையில் பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன.
பால்கனிக்கு வெளியே
தொட்டி நிறைந்து கொட்டியது தண்ணீர்.
ஐயோ மோட்டார் என்று எழுந்தவன்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
படியிறங்கி ஓடினான்.

"என்னம்மா சத்தம், அங்க மழையா?"
"இல்ல அத்தை. மோட்டார்.
உங்க பையன் நிறுத்த மறந்துட்டான்."

அத்தை சிரித்தார்.
எந்தக் கதையின் முடிவையும் சொல்லாதவர்
இதை மட்டும் சொன்னார்:

"அவங்க அப்பாவும் இப்படித்தான்.
இன்னும் முப்பது வருஷம் மறப்பான்,
பாத்துக்கோ."