நாற்பத்து மூன்று கிலோ

வியாழக்கிழமை லாரியிலிருந்து இறங்கியது.
நாலு சக்கரத்திலும் நசுங்கிய எலுமிச்சம்பழம்
சர்ஜாபூர்ச் செம்மண்ணில் காய்வதற்குள்
ஷோரூம் பையன் கிரீஷ் கிளம்பிவிட்டான்.
கையில் திணித்துவிட்டுப் போனது ஒரு புத்தகம்:
கன்னடம், இந்தி, இங்கிலீஷ், கொஞ்சம் படம்.
எனக்குப் புரிந்தவை இரண்டு.
கியர் கம்பிக்குப் பக்கத்தில்
ஓர் ஆமை, ஒரு முயல்.

இரண்டு அபார்ட்மென்ட் மதில்களுக்கு நடுவே
குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர்.
வேறு அபார்ட்மென்ட்டுகளில் விரிப்பதற்கு
இங்கே புல் வளர்க்கிறோம், சதுர அடிக் கணக்கில்.
பெரிய டிராக்டர் வந்தால் திரும்ப இடமில்லை.
அதனால் இது.
நான்கடி அகலம், இருபத்து நாலு குதிரை,
அறுபது தவணை.

முதல் நாள் சாவியைத் திருகினால்
ஒரு டிக். அவ்வளவுதான்.
கிளட்ச்சை அடிவரை மிதிக்க வேண்டுமாம்.
கால் எட்டவில்லை, சீட்டை முன்னே இழுத்தேன்.
இரண்டாம் நாள் பேட்டரி முனை தளர்ந்திருந்தது.
மூன்றாம் நாள் எதுவும் கெடவில்லை,
அதுவே பயமாக இருந்தது.

நாலாம் நாள்தான் ஆரம்பித்தது.
ரொட்டவேட்டர் கிளறிக்கொண்டே போகும்போது
குழியில் ஏறி இறங்கினால்
என்ஜின் அணைகிறது.
கல் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் அணைகிறது.
தும்மினேன். அணைந்தது.
பதினோராம் மாடி பால்கனியில் ஒருவர்
காபி டம்ளரோடு இதையெல்லாம் பார்த்தபடி நின்றார்.

ஏகாம்பரம் ஏறி உட்கார்ந்தால் ஓடியது,
வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடியது.
"உனக்குத்தான் கை வரல" என்று
சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இம்தியாஸ் வந்தான்,
ஸ்கூட்டரில், ஒரே ஒரு பையோடு.
டீசல் பார்த்தான், ஃபில்டர் பார்த்தான்,
கடைசியாக என்னைப் பார்த்தான்.
"அக்கா, நீங்க எவ்ளோ வெயிட்?"

சீட்டுக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறதாம்.
ஆள் உட்கார்ந்தால் அமுங்கும்,
ஆள் விழுந்தால் வண்டி நிற்கும்.
என் நாற்பத்து மூன்று கிலோ
ஆள் கணக்கில் வரவில்லை.
ஒவ்வொரு குலுக்கலிலும்
நான் இல்லை என்று அது முடிவு செய்திருக்கிறது.

"ரெண்டு ஒயரையும் முறுக்கிவிட்டாப் போதும்.
அப்புறம் மேல ஆளே இல்லேன்னாலும் ஓடும்."
கட்டிங் பிளேயரை எடுத்தும்விட்டான்.

வேண்டாம் என்றேன்.
ஏனக்கா?
பின்னால் சுற்றும் கத்திகளைக் காட்டினேன்.
பொய்யில்லை அது.
அவனிடம் சொல்லாதது வேறு.
நான் எழுந்து போனாலும்
டிவி ஓடும், பேச்சு ஓடும்,
ரெட்டியோடு குத்தகைப் பேரம் ஓடும்.
நான் எழுந்தால் நின்றுபோகிற ஒன்றை
இந்த வாரம்தான் பார்க்கிறேன்.

இம்தியாஸ் தலையைச் சொறிந்தான்.
எதிலிருந்தோ கழற்றிய மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டான்.
போதவில்லை.
சைக்கிள் டியூபை நாலாக மடித்து
பொத்தானுக்கு நேர் மேலே, மெத்தைக்கு அடியில் வைத்தான்.
"ஏறுங்க. குதிங்க."
குதித்தேன். ஓடியது.
"எழுந்திருங்க."
எழுந்தேன்.
செத்தது.
இருவரும் சிரித்தோம்.
இருநூறு ரூபாய், இதெல்லாம் வாரண்டியில் வராதாம்.

வாரண்டி அட்டையில் ஓனர்: பி. ஏகாம்பரம்.
கீழே இன்னொரு கட்டம் காலியாக இருந்தது.
இம்தியாஸ் கன்னடத்தை எழுத்துக் கூட்டினான்:
ஓட்டறவங்க பேரு.
கிரீஸ் கையோடு எழுதினேன்.
'குண' வரை தெளிவு,
மீதி ஒரே கறை.

மீட்டரில் ஒன்பது புள்ளி ஆறு மணி.
முதல் சர்வீசுக்கு இன்னும் நாற்பது இருக்கிறது.
பால்கனிக்காரர் உள்ளே போய்விட்டார்.
வடக்கு மூலை இன்னும் கிளறவில்லை, மழை வரும்போல் இருந்தது.
கம்பியை ஆமைப் பக்கம் தள்ளினேன்.